காலியாக ஓடிய மிஷின்

கரண்ட் போன அந்த நொடியில் என் வாய் திறந்திருந்தது.

மாவு மிஷின் சட்டென்று நிற்காது. பெல்ட் தளர்ந்து தளர்ந்து அடிக்கும், கல் முனகும், பிறகுதான் அடங்கும். கண் திறந்திருந்தால் சுதாரித்திருப்பேன். நானோ கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தேன். மிஷின் அடங்கியது. நான் அடங்கவில்லை.

'என் பேரைச் சொல்லி எப்போது அழைத்தாய்' என்ற வரி முழுக் குரலில் எங்கள் மில்லின் தகரக் கூரையில் போய் மோதியது.

கண்ணைத் திறந்தேன். கோதுமைத் தூக்கோடு நின்ற இரண்டு பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மீன்கார முனியம்மா அக்கா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். மிஷினைப் பார்த்து நின்ற அப்பா மட்டும் திரும்பவில்லை.

அக்காதான் முதலில் பேசினார். "இன்னாடா அந்தோணி, யாரு உன்னை பேர் சொல்லிக் கூப்புடல? யாருன்னு சொல்லு, நான் போய் கேட்டுகினு வர்றேன்."

அந்த இரண்டு பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "கரண்டு போச்சு. அந்தம்மா மாவை எடுத்துக் குடு" என்றார். அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். அந்த வரி யாரைக் கேட்கிறது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஏனென்றால் என் அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அவருக்கும் புரிந்ததா, புரிந்து அது அவர் மனதில் தங்கிவிட்டதா என்ற கேள்வி அன்றைக்கு என்னோடு ஒட்டிக்கொண்டது. சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிவிடலாம். இதைத் தட்ட முடியவில்லை.

கேசட்டின் இரண்டாம் பக்கம்

போன வாரம் இந்தப் பகுதியில் நான் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி ஸ்டெல்லா, "விழுந்ததை எழுதினே சரி, நீ இடிச்ச ஆளைப் பத்தி ஏன் எழுதல?" என்று கேட்டாள். இடிபட்டவர் அவளுடைய மாமா. அதனால்தான் விட்டுவிட்டேன்.

இந்தப் பாட்டுக்கு வருகிறேன். படத்தில் வந்த பாட்டு இல்லை. தனியாகக் கேசட் போடுவது புதிதாகப் பரவிய காலம் அது. அட்டையில் அதைப் பாடியவர், நீளக் கோட்டுப் போட்டு, பனி கொட்டும் ஏதோ ஊரில் தலை குனிந்து நிற்பார். ஆவடி மார்க்கெட் பக்கம் இருந்த கேசட் கடையில் காலையும் மாலையும் அதையே போட்டுக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் மாவுப் பையோடு போகும்போது, செயின் கழன்றுவிட்டதுபோல் கடை எதிரில் இறங்கி நிற்பேன். செயின் நன்றாகத்தான் இருக்கும்.

கேசட்டின் முதல் பக்கம் முழுக்கக் காதல் பாட்டு. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாகத்தான் இது வரும். ஹாஸ்டலில் படிக்கும் மகனைப் பார்க்க ஒரு அப்பா வருகிறார். பொட்டலத்தைக் காவலாளி கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். மகன் பாடுகிறான்:

'வாசல்வரை வந்தாய், வாசலிலே நின்றாய்,
உள்ளே வர உனக்கு யார் சொல்ல வேண்டும்.'

பாடியவர் அழுதுகொண்டே பாடினார். பின்னால் வயலின் கூட்டமாக அழுதது. டிரம்மும் சேர்ந்துகொண்டது. இப்போது கேட்டால் கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறது. அன்றைக்கு அது எனக்குப் போதவில்லை. கேசட்டை வாங்கி, அட்டைக்குள் மடித்து வைத்திருந்த பாட்டு வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடம் செய்தேன். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான்.

கையால் பேசியவர்

அஞ்சாவது முடியும் சமயத்தில் ஒருநாள் அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. டீச்சர்தான் என்னை அனுப்பினார். சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து மில்லுக்கு வந்தேன். மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அம்மா அப்போது படுக்கையில் இருந்தார். அப்பாவுக்கு உதவ ஒரு கை வேண்டியிருந்தது. இதெல்லாம் நானாகப் பிறகு புரிந்துகொண்டது. அவர் சொல்லவில்லை.

எங்கள் மில் பருத்திப்பட்டில் ஏரிப்பக்கம் போகும் தெருவில் இருக்கிறது. இப்போதும் அதே இடம்தான், அதே தகரக் கூரைதான். மிஷின் ஓடும்போது காலடியில் தரை நடுங்கும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். அதனால் மில்லில் கையால்தான் பேச்சு. ஒரு விரல் காட்டினால் நைஸ். இரண்டு விரல் காட்டினால் ரவைப் பதம். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் மெதுவாகக் கொட்டு. என்னைக் கூப்பிட வேண்டுமானால் தகர டப்பாவில் இரண்டு தட்டு.

அப்பா இந்தப் பாஷையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தட்டின் ஓரத்தில் விரலால் தட்டினால் ரசம். உள்ளங்கையைக் காட்டினால் போதும். வீட்டில் மிஷின் ஓடவில்லை என்பது அவருக்கு நினைவிருந்ததா என்றே சந்தேகமாக இருக்கும்.

நானும் பேசுகிறவன் இல்லை. மாதா கோயில் பாடற்குழுவில் சேரச் சொல்லி ஒருமுறை நிறுத்திவைத்தார்கள். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. "நாளைக்கு வாப்பா" என்றார் குழுத் தலைவர். போகவில்லை.

மிஷின் ஓடினால் மட்டும் எனக்குக் குரல் வரும். அந்த இரைச்சல் ஒரு சுவர் மாதிரி. அதற்குப் பின்னால் நின்றுகொண்டு எதை வேண்டுமானாலும் பாடலாம், யாருக்கும் கேட்காது என்று நம்பியிருந்தேன். அரிசி கொட்டும்போது பாடுவேன், சலிக்கும்போது பாடுவேன். ஒரே ஒரு எச்சரிக்கை. அப்பாவின் கை சுவிட்ச் பக்கம் போனால் உடனே வாயை மூடிவிட வேண்டும். அதனால் அதுவரை எந்தப் பாட்டையும் நான் முழுதாகப் பாடியதில்லை. எல்லாம் பாதியில் நின்ற பாட்டுகள்.

அன்று கரண்ட் மட்டும் கை காட்டாமல் போய்விட்டது.

அப்பாவின் புதுப் பழக்கம்

அதற்குப் பிறகு சில நாள் நான் பாடவில்லை. முனியம்மா அக்கா விடவில்லை. மீன் கூடையை இறக்கி வைக்கும்போதே, "இன்னா, பாட்டு வாத்தியாரே, தொண்டை கட்டிகிச்சா?" என்று கேட்பார். பிறகு அவருக்கும் அலுத்துவிட்டது. நானும் மெல்ல மறுபடி ஆரம்பித்தேன், அந்தப் பாட்டையும் சேர்த்துத்தான்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு வயசாகிறது என்று எனக்குப் பட்டது. ஒழுங்காக இருந்த மனிதர். மூக்குக் கண்ணாடியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வீடு முழுவதும் தேடினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டார். மில்லிலும் ஒரு புதுப் பழக்கம் வந்தது.

தானியம் தீர்ந்தால் மிஷின் சத்தம் மாறும். கனமாக ஓடிய கல் லேசாகி, கிர்ரென்று வெறும் சத்தம் வரும். உடனே கைச்சக்கரத்தைத் தளர்த்திக் கற்களைப் பிரித்துவிட்டு, சுவிட்சை அணைக்க வேண்டும். மாவு மில்லில் முதலில் சொல்லித்தரும் பாடம் அதுதான். எனக்குச் சொல்லித்தந்தவரே அப்பாதான், ஒரு வார்த்தைகூடப் பேசாமல்.

அப்பா இப்போது சக்கரத்தைத் தளர்த்துவார். சுவிட்சில் கையை வைப்பார். ஆனால் அணைக்க மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்பார். மிஷின் காலியாக ஓடிக்கொண்டிருக்கும்.

முனியம்மா அக்காவுக்குப் பொறுக்காது. எழுந்து பக்கத்தில் போய்க் காதோடு கத்துவார். "இன்னா பெருசு, அரிசி தீந்து எவ்ளோ நேரம் ஆவுது. காத்தை அரைச்சு யாருக்குக் குடுக்கப் போறே?"

அப்பா மெதுவாகச் சுவிட்சை அணைத்துவிட்டுச் சொல்வார். "கல்லு ஆறட்டும்னு உட்டேன்."

இதே பதில்தான் எப்போதும். கல்லு ஆறட்டும். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பாட்டை முடிக்க நேரம் கிடைக்கிறதே என்று முடித்துக்கொள்வேன்.

ஒரு மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். நாலு நாள் காய்ச்சல், அப்போதும் கையால்தான் பேசினார். தண்ணீர், போர்வை, ஜன்னலைச் சாத்து. மில்லைத் திறந்துவிட்டாயா என்பதற்கு ஒரு கை அசைவு உண்டு. அதுதான் எனக்குக் கடைசியாகக் கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் எல்லாப் பாட்டையும் பாடினேன், அந்த ஒன்றைத் தவிர. திருப்பி வாங்க முடியாத வரி அது. அதைக் காதில் வாங்கியவர் இப்போது இல்லை. கேசட்டை டப்பாவில் போட்டு பீரோவுக்கு அடியில் தள்ளினேன்.

மகள் போட்ட பாட்டு

என் மகள் ஜெனி அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். என் கூச்சம் அவளுக்கு இல்லை. கோயிலில் பாடுவாள், ஆபீஸில் பாடுவாள், ஷேர் ஆட்டோவிலும் பாடுவாள் என்று நினைக்கிறேன். கூட வேலை பார்க்கும் கார்த்தி, கோவில்பட்டிப் பையன், அயனம்பாக்கத்தில் ஃப்ளாட்டில் வாடகைக்கு இருக்கிறான். அவன் கிட்டார் வாசிப்பான். இருவரும் பழைய பாட்டுகளைத் தங்கள் பாணியில் பாடிப் போனில் போடுகிறார்கள். அதற்குக் கவர் என்று பெயராம். உறை போடுவதா என்று கேட்டேன். "கிட்டத்தட்ட அதான்பா" என்றாள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஜெனியின் போனில் அந்தப் பாட்டு கேட்டது. ஒரு கால் செருப்போடு நின்றுவிட்டேன்.

வயலின் இல்லை. டிரம் இல்லை. ஒரு கிட்டார், அதுவும் யோசித்து யோசித்து. ஜெனியின் குரல். கோட்டுப் போட்டவர் அழுதுகொண்டே சண்டை போட்ட பாட்டு இது. ஜெனி சண்டை போடவில்லை. வாசலில் நிற்பவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்று பேசுவதுபோலப் பாடினாள். முதல் சரணத்தோடு நின்றுவிட்டது.

"பீரோ அடியில கூட்டும்போது கேசட் கிடைச்சிச்சு" என்றாள். "கார்த்திகிட்ட பழைய பிளேயர் ஒண்ணு இருந்துச்சு. எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு. மீதி?"

"ரெண்டாவது சரணம் நீ பாடணும்."

"எனக்குப் பாட்டுலாம் வராது."

சமையலறையில் ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

"என்னா சிரிப்பு?" என்றேன்.

"அப்பா" என்றாள் ஜெனி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல். "மிஷின் ஓடும்போது நீ பாடுவேன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். நான் ஹோம்வொர்க் எழுதுனதே உன் பாட்டைக் கேட்டுக்கினுதான்."

"அந்தச் சத்தத்துல எப்பிடிடி கேக்கும்?"

"அந்தச் சத்தத்துக்கு மேல கத்துனாத்தான் உனக்கே கேக்கும். உனக்குக் கேட்டா எங்களுக்குக் கேக்காதா?"

இத்தனை வருடம் சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தது கொசுவலைதான். அன்றைக்குச் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தெருவுக்குக் கேட்டதென்றால் இரண்டடியில் நின்றவருக்கும் கேட்டிருக்கும். ஒரு நாள் கரண்ட் போனபோது மட்டும் இல்லை. தினமும். அந்த வரி தினமும் அவர் முதுகில் விழுந்திருக்கிறது.

பாட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மிஷின் மறுபடி

ஜெனி கேட்கிறவள் இல்லை. அடுத்த வாரம் கார்த்தியின் ஃப்ளாட்டுக்குக் கூட்டிப்போனாள். ஜன்னலில் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். அவ்வளவு அமைதியான அறையில் நான் இருந்ததே இல்லை. வாயைத் திறந்தேன். பாடற்குழுவில் வந்த அதே காற்று வந்தது.

"தண்ணி குடிங்க அங்கிள், அவசரமே இல்ல" என்றான் கார்த்தி. நல்ல பையன். தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு நிறைந்ததுதான் மிச்சம்.

ஜெனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கார்த்தி, மைக்கைக் கழட்டு. மில்லுக்குப் போலாம்" என்றாள்.

"மில்லுலயா? சத்தம் எல்லாம் ஏறிருமே ஜெனி."

"ஏறட்டும்."

மில்லுக்கு அன்று விடுமுறை. பாதிக் கதவைத் திறந்தோம். மறுநாள் அரைக்க வைத்திருந்த எங்கள் வீட்டு ராகியைத் தொட்டியில் கொட்டினேன். கார்த்தி கிட்டாரைத் துண்டால் போர்த்திக் குழந்தைபோல வைத்திருந்தான். அவனுடைய கறுப்புச் சட்டை உள்ளே வந்த உடனே வெள்ளையாக ஆரம்பித்தது.

மைக் முன்னால் நான் நின்றால் மிஷினைப் பார்க்க ஆள் வேண்டும். ஜெனியைச் சுவிட்ச் பக்கம் நிறுத்தினேன். "சத்தம் லேசானதும் சக்கரத்தைத் தளர்த்திட்டு அணைச்சிடு. காலியா ஓட விடாதே" என்றேன்.

"தெரியும்பா. நான் இங்கதானே வளந்தேன்."

மிஷின் ஏறியது. தரை நடுங்கியது. ராகி சூடாகும் வாசனை வந்தது. ஹெட்போனில் கிட்டாரும் ஜெனி ஏற்கெனவே பாடிய சரணமும் ஓடின. என் முறை வந்தது. கண்ணை மூடவில்லை. அன்றைக்குப் பிறகு நான் கண்ணை மூடிப் பாடுவதில்லை.

'என் பேரைச் சொல்லி எப்போது அழைத்தாய்.'

குரல் வந்தது. பாடி முடிக்கும்போதே கால் வழியாகத் தெரிந்துவிட்டது, ராகி தீர்ந்துவிட்டது என்று. கிர்ரென்று வெறும் சத்தம் வந்தது. அளவு குறைவாகக் கொட்டியிருக்கிறேன். அடுத்த வரி பாக்கி இருக்கிறது. பழைய பழக்கத்தில் வாயை மூடப் போனேன்.

ஜெனி சக்கரத்தைத் தளர்த்தினாள். சுவிட்சில் கையை வைத்தாள். அணைக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

கல் ஆற வேண்டுமானால் மிஷினை நிறுத்த வேண்டும். ஓட்டினால் எப்படி ஆறும்? அப்பாவுக்குப் பிறகு இந்த மிஷினை நான்தான் ஓட்டுகிறேன். ஒரு நாளும் கல் ஆறுவதற்காகக் காலியாக ஓட்டியதில்லை. எந்த மில்காரனும் ஓட்ட மாட்டான். அவர் சொன்னதை நான் ஒரு முறைகூட யோசித்துப் பார்க்கவில்லை.

'எனக்குத் தெரியாமல் எத்தனை முறை பார்த்தாய்.'

கேசட்டில் இந்த வரி டிரம் சத்தத்தோடு ஓடிவிடும். நானும் எப்போதும் இதை வேகமாகக் கடந்துவிடுவேன். முதல் வரிதான் எனக்கு முக்கியமாக இருந்தது. அன்று மெதுவாகப் பாடினேன். கடைசி எழுத்து முடியும்வரை மிஷின் ஓடியது. முடிந்தபிறகும் கொஞ்சம் ஓடியது. அதற்குப் பிறகுதான் ஜெனி அணைத்தாள்.

பெல்ட் தளர்ந்து அடித்து, கல் முனகி, எல்லாம் அடங்கியது.

"காலியா ஓட விடாதேன்னு சொன்னேன் இல்ல?" என்றேன்.

"நீ இன்னும் முடிக்கலயேப்பா" என்றாள் ஜெனி, கையைத் துடைத்துக்கொண்டே.

ராகி மாவைப் பையில் அள்ளுவதுபோல் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் அள்ளினேன்.

கார்த்தி கம்ப்யூட்டரில் பாட்டைத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். மிஷின் சத்தம் தம்புரா மாதிரி அடியில் வந்துகொண்டே இருந்தது. அவனுக்கு அது பிடித்துவிட்டது. கடைசியில் மட்டும் ஒரு இடத்தில் நிறுத்தினான்.

"நீங்க பாடி முடிச்ச பெறகு மிஷின் சும்மா ஓடுற சத்தம் கொஞ்சம் இருக்கு அங்கிள். அதை மட்டும் வெட்டிரட்டுமா?"

"வேணாம்பா" என்றேன். "இருக்கட்டும். கல்லு ஆறட்டும்."